காசியம்மாளைக் கேட்டார்கள்

புங்கனஅள்ளிக்கு வந்து காசியம்மாள் வீடு எது என்று கேட்டால், "மாட்டேன் காசியம்மா வூடுங்களா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டுவார்கள். அந்தச் சின்ன ஊரில் அவளையும் சேர்த்து மூன்று காசியம்மாள்கள். மற்ற இருவருக்கும் அடைமொழி தேவைப்படவில்லை, அவர்கள் ஊரோடு ஒத்துப் போகிறவர்கள். இவளிடம் எதைச் சொன்னாலும் முதல் வார்த்தை "மாட்டேன்". இரண்டாவது, "நான் எதுக்கு அதைச் செய்யணும்?" மூன்றாவது வார்த்தை வரும்வரை நின்று கேட்ட பொறுமைசாலி அந்த ஊரில் கிடையாது.

ஆனால் அவள் சொன்ன மாட்டேன்களில் ஒன்றாவது பலித்ததா என்று ஊர் யோசித்துப் பார்க்கவில்லை. காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் மானாவாரிக் காட்டில் அவரைக்காய் பறித்துக்கொண்டிருந்தவளிடம் அவள் அப்பன் வந்து, "புங்கனஅள்ளி மாதையனுக்கு உன்னைக் குடுக்கறதாச் சொல்லிட்டேன்" என்றார். மாட்டேன் என்றாள். அடுத்த தையில் கல்யாணம் நடந்தது. பெண் பிறந்ததும் மாமியார் பேரை வைக்கமாட்டேன் என்றாள், மாமியார் பேரைத்தான் வைத்தார்கள். அந்தப் பெண்ணைக் கிருஷ்ணகிரியில் கட்டிக்கொடுக்க மாட்டேன் என்றாள். பெண் இன்று கிருஷ்ணகிரியில்தான் குடும்பம் நடத்துகிறாள், அதுவும் சந்தோஷமாகவே நடத்துகிறாள், இது ஒன்றுதான் காசியம்மாளுக்கு ஆற்றாமை.

அறுபதுகளின் கடைசியில் மாதையன் கிணற்றடி நிலத்தில் ராகியை நிறுத்திவிட்டு மல்பெரி நட்டான். எல்லைக்கு அந்தப்பக்கம் கன்னடக்காரர்கள் பட்டுப்புழு வளர்த்துச் செழிக்கிறார்கள் என்று சந்தையில் கேள்விப்பட்டு, குச்சிக்கட்டோடு வந்து இறங்கினான். அப்போதும் அவள் மாட்டேன் என்றாள். "புழுவை வூட்டுக்குள்ள வெச்சு வளர்க்கறதா? அதுக்கு நான் சோறு போடறதா?" மாதையன் பதில் சொல்லவில்லை. அவன் பதில் சொல்கிற ஆள் இல்லை, செய்துவிட்டுப் போகிற ஆள்.

நியாயமாகப் பார்த்தால் தப்பு அவள் பேரில் இல்லை. அவளை யாரும் எதையும் கேட்டதே கிடையாது. முடிவு பண்ணிக்கொண்டு வந்து சொன்னார்கள். "என்ன செய்யலாம்?" என்று கேட்டால் ஒரு மனுஷிக்கு நூறு பதில் தோன்றும். "செஞ்சாச்சு" என்று வந்து நின்றால் மிச்சம் இருக்கிற பதில் "மாட்டேன்" ஒன்றுதானே.

வேடிக்கை என்னவென்றால், வேண்டாம் என்று சொன்ன அந்தப் புழுக்கள்மேல் அவளுக்கு உசிராகிப் போனது. வீட்டிலேயே பெரிய அறையை அவற்றுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் நடையில் பாய் போட்டுப் படுத்தார்கள். மூங்கில் தட்டுகளில் இலையை நறுக்கிப் போட்டதும் ஆயிரக்கணக்கான வாய்கள் ஒன்றாகத் தின்னும். கூரையில் தூறல் விழுகிறமாதிரி ஒரு சத்தம் எழும். அந்தச் சத்தம் கேட்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. புழு வளர்க்கிற நாட்களில் வாசலில் வேப்பிலை கட்டிவிடுவாள். வேப்பிலை கட்டிய வீட்டுக்குள் வெளியாள் நுழையக்கூடாது. கண்ணேறு, வியர்வை வாடை, பீடி நாற்றம், தாளிக்கிற மணம் எதுவும் புழுவுக்கு ஆகாது. வந்தவர் யாராக இருந்தாலும் தெருவில் நின்றுதான் பேசவேண்டும்.

எழுபத்து நாலாம் வருஷக் கார்த்திகையில் அவள் வீட்டு நிலவரம் நன்றாக இல்லை. முந்தின இரண்டு குளிர்காலமும் புழு படுத்துவிட்டது. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். தேன்கனிக்கோட்டை மலைப்பக்கத்திலிருந்து இறங்குகிற காற்றுக்குப் புங்கனஅள்ளியில் மார்கழியிலேயே தரையும் மச்சும் சேர்ந்து துளைபடும். குளிரில் புழு தின்னாது, தின்னாத புழு கூடு கட்டாது. சட்டியில் கரிநெருப்பு வைத்து அறையைச் சூடுபண்ணினால் புகை அடைத்து, சட்டிக்குப் பக்கத்துத் தட்டிலிருந்த புழுவெல்லாம் வதங்கிப்போயின. அவளுக்கும் தலைவலி, கண்ணெரிச்சல்.

ஒருநாள் களி தின்றுகொண்டிருக்கும்போது மாதையன் வாயைத் திறந்தான். "இந்த வாட்டியும் படுத்துச்சுன்னா செடியைத் தோண்டிப் போட்டுட்டுப் பெங்களூரு போயிடலாம். மேஸ்திரி ராஜாமணிகிட்டச் சொல்லிட்டேன். பொங்கல் கழிச்சு வந்து கூட்டிட்டுப் போறேன்னாரு." ராஜாமணி கட்டட வேலைக்கு ஊர் ஊராக ஆள் பிடித்துப் போகிறவர். அவர் பின்னால் போன குடும்பங்களில் பாதி திரும்பி வந்ததில்லை.

"நான் வரமாட்டேன்" என்றாள்.

மாதையன் இன்னொரு வாய் களியை விழுங்கினான். அவ்வளவுதான் பேச்சு. அவன்மேலும் குற்றம் சொல்லமுடியாது, இரண்டு வருஷமாக இலை பறித்துப் பறித்து வீணாய்ப்போனது அவன் உழைப்பு. ஆனால் தன் மாட்டேன்களின் ராசி அவளுக்குத் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் புழு வளர்ப்பைச் செய்துகாட்டிச் சொல்லிக்கொடுக்கிற பட்டு ஆபீஸ் டெமான்ஸ்ட்ரேட்டர் கிருஷ்ணப்பன் சைக்கிளில் வந்து சேர்ந்தார். புதிதாக வேலைக்கு வந்தவர், நல்ல மனுஷர், தலையில் மட்டும் எண்ணெய் கொஞ்சம் அதிகம். புகையில்லாத கணப்பு ஒன்று வந்திருக்கிறது, சோதனைக்காக ஊருக்கு மூன்று தருகிறார்கள், ஜனங்களைக் கேட்டு அவர்கள் சம்மதப்பட்ட வீட்டில்தான் வைக்கவேண்டும் என்று மேலே சொல்லியிருக்கிறார்கள் என்றார். சுவருக்கு வெளியே ஓர் இரும்புப்பெட்டி, அதில் நெருப்பு. அங்கிருந்து தகரக்குழாய் சுவரைத் துளைத்து அறைக்குள் வந்து, சுவரோரமாகவே ஓடி, எதிர்ப்பக்கம் வெளியேறும். புகை குழாயோடு போய்விடும், அறை மட்டும் சூடாகும்.

வீடு வீடாகத் தெருவில் நின்று கேட்டார். எல்லா வீட்டிலும் ஒரே பதில், "ஆகட்டுங்க சார்". வீடு தேடி வந்து நிற்கிறவர் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்வது அந்தப்பக்கத்தில் மரியாதையில்லை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் மனுஷர் மனசு நோகாமல் போகட்டும் என்பதுதான் ஊர் வழக்கம். கிருஷ்ணப்பன் வேறு ஊர்க்காரர், நூற்றுக்கு நூறு சம்மதம் என்று பூரித்துப்போனார். காசியம்மாள் வாசல்வரைதான் அந்தப் பூரிப்பு நீடித்தது.

"வேண்டாங்க" என்றாள்.

"ஏம்மா?"

"பொகையும் சூடும் ஒண்ணாப் பொறந்ததுங்க. பொகையை வெளிய அனுப்புனா சூடு மட்டும் உள்ள குந்திக்கினு இருக்குமா? அதுவும் கூடவே போயிடும். அப்புறம் சுவத்துல ஓட்டை போட்டா எறும்பு வரும், எலி வரும், பல்லி வரும். எதுனா ஒண்ணு வந்தாலும் புழு காலி."

"சூடு போகாதும்மா. உள்ள வரேன், எடத்தைக் காமிங்க, வெளக்கறேன்."

"அங்கயே நில்லுங்க. உங்க தலை எண்ணெய் வாசம் இங்கவரைக்கும் அடிக்குது."

அவர் தெருவிலும் அவள் கதவுக்குப் பின்னாலுமாக வெகுநேரம் வாதாடினார்கள். அவள் கேட்ட கேள்விகளில் பாதிக்கு அவரிடம் நல்ல பதில் இருந்தது, ஆனால் அவள் பதிலுக்காகக் கேட்கவில்லை. கடைசியில் கணப்புகளை மாரப்பன் வீட்டுக்கும், ஜான் பீ வீட்டுக்கும், தெருக்கோடிக் குள்ளம்மாள் வீட்டுக்கும் கொடுத்துவிட்டு அவர் போனார். பாலக்கோட்டில் மாட்டுவண்டி பிடித்துக் குழாய்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். ஊரே கூடி வேடிக்கை பார்த்தது. பொருத்துகிற வேலையைப் புதுப் புழுவைத் தட்டில் இறக்கியதும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம், ஆகட்டுங்க என்று மூன்று வீட்டிலும் சொல்லி அனுப்பினார்கள்.

மார்கழி பிறந்தது. காசியம்மாளின் புழுக்கள் தோலுரிக்கிற இரண்டாம் தூக்கத்திலிருந்து எழுந்து இலை கேட்கவேண்டிய நாள். விடிந்ததும் இலையை நறுக்கித் தட்டில் தூவினாள். சத்தமே இல்லை. இலைக்கு அடியில் புழுக்கள் தலையைத் தூக்கினபடி அசையாமல் கிடந்தன. விரலால் தொட்டால் கிணற்றுப் படிக்கல்லைத் தொட்டமாதிரி ஜில்லென்றிருந்தது. கொல்லையில் மாதையன் கடப்பாரையைக் கல்லில் தீட்டுகிற சத்தம் கேட்டது. என்னத்துக்கு என்று அவள் கேட்கவில்லை.

கரிச்சட்டியை மறுபடி வைக்கப் பயம். ஜான் பீ வீட்டில் கோணிப்பை வாங்கிவந்து சன்னலை அடைக்கலாம் என்று கிளம்பினாள். ஜான் பீயின் புருஷன் உசேன் சந்தை சந்தையாகப் போய்ப் புளி, மிளகாய் விற்கிறவர். ஜான் பீயும் புழு வளர்க்கிறாள். அவள் வீட்டு வாசலிலும் வேப்பிலை இருந்ததால் காசியம்மாள் பக்கத்துச் சந்து வழியாகக் கொல்லைக்குப் போனாள். போனவள் அப்படியே நின்றாள். சர்க்கார் கணப்புப்பெட்டி கொல்லையில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. அதன்மேல் தண்ணீர் அண்டா. குழாய்கள் கொய்யாமரத்தில் சாய்ந்து நின்று, உச்சியில் புகை விட்டுக்கொண்டிருந்தன.

"என்னாடி இது?"

"அவரு விடிகாலம் தொழுகைக்கு எழுந்திரிச்சாப் பச்சைத்தண்ணியில மூஞ்சி கை கால் கழுவி ஒளு செய்யறாரு, எல்லாம் வெறச்சுப்போவுது. அதான்க்கா வெந்நி போடறேன். சும்மா சொல்லக்கூடாது, சர்க்காரு அடுப்பு நல்லா எரியுது."

காசியம்மாள் சிரிக்கலாமா திட்டலாமா என்று யோசித்தபடியே ஓரடி வைத்தாள். கீழே ஈரம், கால் வழுக்கியது. விழாமல் இருக்க எட்டிப் பிடித்தது அந்தக் குழாயை. "அய்யய்யோ" என்று கையை உதறிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஜான் பீ கற்றாழையை ஒடித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

கற்றாழைச் சோற்றைக் கையில் தடவிக்கொண்டிருக்கும்போதே காசியம்மாள் தலையைத் தூக்கிக் குழாயைப் பார்த்தாள். புகை அதோ உச்சியில் போகிறது. தான் பிடித்தது நடுவில். நடுவில் ஒரு பொட்டுப் புகை வெளியே வரவில்லை, ஆனால் கை வெந்துபோனது. முந்தானையைச் சுற்றிக்கொண்டு மறுபடி ஒருதரம் தொட்டாள். சுட்டது. இன்னும் மேலே தொட்டாள். அங்கேயும் சுட்டது.

"புத்தி கெட்டவ" என்றாள்.

"யாரைச் சொல்றீங்க?" என்றாள் ஜான் பீ.

"என்னையத்தான்." இதைச் சொன்னபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன்னைத் தவிர வேறு யாரும் அவளை வாதத்தில் ஜெயித்தது கிடையாது. "அது கெடக்கட்டும். புழு ரூம்ல வெக்காம இதை எதுக்குடி கொல்லையில வெச்ச?"

"ஆகட்டும்..." என்று இழுத்தாள் ஜான் பீ.

"ஆகட்டும் கீகட்டும் எல்லாம் சார்கிட்ட வெச்சுக்க. எதுக்குன்னு சொல்லு."

அப்படி நேராக யாரும் கேட்டிராததால் ஜான் பீக்குப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. குழாய் வெளியே வரவேண்டிய பக்கம் மாரப்பன் வீட்டுச் சந்தாம். வழி விடச் சொல்லி அவரிடம் கேட்கக் கூச்சமாம். "சரி, எனக்குக் குடு. என் புழு சாவப்போவுது" என்றாள் காசியம்மாள். தன் புழு சின்ன அறையில் கதகதப்பாகவே இருந்ததால் ஜான் பீ மறுக்காமல் அண்டாவை இறக்கிவைத்து நெருப்பை அவித்தாள். தண்ணீர் பாதிதான் சுட்டிருந்தது.

ஜான் பீ வீட்டுக்கு அளந்து கொடுத்த குழாய் காசியம்மாளின் நீள அறைக்குப் போதாது. இன்னும் இரண்டு குழாயும், திரும்புகிற இடத்துக்கு ஒரு முழங்கைத் துண்டும் வேண்டும். கையில் கற்றாழைச் சோறு வழிய வழிய மாரப்பன் வீட்டுக்குப் போனாள். மாரப்பன் சர்க்கார் குழாயைக் கிணற்று மேட்டிலிருந்து கத்தரிப் பாத்திக்குச் சாய்த்து வைத்து, தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். கத்தரி செழிப்பாகத்தான் இருந்தது.

"என்னாண்ணா, சார்கிட்ட ஆகட்டும்னீங்களே?"

"ஆகட்டும்னுதான் சொன்னேன்" என்றார் மாரப்பன், குழாயை மறைத்து நின்றுகொண்டு.

"கணப்பு புடிக்குதா புடிக்கலையா? ஒண்ணைச் சொல்லுங்க."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "நம்புளுது உன்னுதாட்டம் ஓட்டு வூடு இல்ல, கூரை வூடும்மா. கொழா முனையில ஒரு பொறி பறந்தாப் போதும், எல்லாம் சாம்பல். வூட்டுக்கு வந்து நிக்கறவருகிட்ட அதை எப்படிச் சொல்றது?"

"வாயால சொல்றது. நீங்க சொல்லலன்னா நான் சொல்றேன், எனக்கென்ன, கெட்ட பேரு ஏற்கெனவே இருக்குது. இப்ப ரெண்டு கொழா குடுங்க. அப்படியே ஜான் பீ அந்தச் சந்துல நாளைக்குக் கொழா விட்டா ஒத்துக்குவீங்களா?"

"கேட்டா வேண்டாம்னா சொல்லப்போறேன்? கேக்கவே இல்லியே அது" என்றார் மாரப்பன்.

குள்ளம்மாள் வீட்டில் சர்க்கார் குழாய் இன்னும் பவித்திரமாக இருந்தது. புளி போட்டுத் தேய்த்து, மஞ்சள் குங்குமம் வைத்து, சாமி மாடத்துக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தாள். முழங்கைத் துண்டு மாடத்துக்குள்ளேயே இருந்தது.

"புதுசாச்சேடி. நெருப்புல வெச்சாக் கருத்துடாதா?" என்றாள் குள்ளம்மாள்.

"நெருப்பு வெக்கத்தானே பெரிம்மா குடுத்தாங்க?"

"மொதல்ல வேற எவளாவது வெக்கட்டும், பாத்துட்டு வெக்கலாம்னு இருந்தேன்" என்று உண்மையைச் சொல்லிவிட்டாள். பூனைக்கு யார் மணி கட்டுவது என்பதுதான் மூன்று வீட்டிலும் விவகாரம். முழங்கைத் துண்டுக்கு ஒரு கற்பூரம் காட்டித்தான் குள்ளம்மாள் கொடுத்தாள்.

தலையில் பெட்டியும் தோளில் குழாயுமாக ஜான் பீயையும் மாரப்பனையும் கூட்டிக்கொண்டு காசியம்மாள் வீட்டுக்கு வந்தாள். மாதையன் கடப்பாரையைத் தோளில் போட்டு மல்பெரித் தோட்டத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தான். அவள் வழியில் நின்றாள். இந்த மனுஷனிடம் அவள் மாட்டேன் சொல்லியிருக்கிறாளே தவிர, இது வேண்டும் என்று ஒன்றைக் கேட்டதில்லை.

"சுவத்துல ரெண்டு ஓட்டை போட்டுக் குடுங்க" என்றாள். "இது ஒண்ணு பாத்துடலாம். அப்புறம் செடி உங்க இஷ்டம்."

மாதையன் பெட்டியைப் பார்த்தான், குழாயைப் பார்த்தான், அவள் கையிலிருந்த கொப்புளத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். சுவரண்டை போய்க் கடப்பாரையை ஓங்கிக் குத்தினான்.

குழாயைப் பொருத்தினார்கள். இடுக்குகளைக் களிமண்ணால் மெழுகினாள். எறும்புக்குச் சுற்றிலும் சுண்ணாம்பும் சாம்பலும் கலந்து கோடு போட்டாள், அந்தப் பயத்தை மட்டும் அவள் யாருக்காகவும் விட்டுக்கொடுக்கவில்லை. வெளியே காய்ந்த மல்பெரிக் குச்சியைப் போட்டுப் பற்றவைத்தார்கள். உள்ளே தட்டுகளுக்கு நடுவில் காசியம்மாள் தனியாக உட்கார்ந்திருந்தாள். முதலில் குழாய் முறுக்கிக்கொள்கிற சத்தம். அப்புறம் அவள் காதோரத்தில் வெதுவெதுப்பு. வெயில் உச்சிக்கு வந்த பிறகு, ஏதோ ஒரு தட்டிலிருந்து லேசாகத் தூறல் கேட்டது. இன்னொரு தட்டு. அப்புறம் எல்லாத் தட்டும். அவள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். சத்தம் போட்டு அழுதால் புழுவுக்கு ஆகாது.

அந்த மார்கழி முழுக்கக் காசியம்மாள் வீட்டுச் சுவர்தான் ஊருக்கு ஒதுங்குமிடம். பெட்டி வெளியே எரிகிறது, அதன் பக்கத்தில் உட்கார்ந்தால் குளிருக்கு இதம். வேப்பிலைக்குப் பயந்து உள்ளே வரமுடியாதவர்களெல்லாம் அங்கே குந்திக்கொண்டு, ஆளுக்கு ஒரு குச்சியைத் தள்ளிவிட்டு ஊர்க்கதை பேசினார்கள். குள்ளம்மாள் தினமும் வந்து தன் வீட்டு முழங்கைத் துண்டை எட்டிப்பார்த்து, "கருத்துடுச்சு" என்று பெருமூச்சு விடுவாள். நெருப்பு அணையாமல் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கவேண்டியே இருக்கவில்லை.

கிருஷ்ணப்பன் வந்தபோது மூன்று வீட்டுக் கணப்புச் சாமானும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே வீட்டில், அதுவும் வேண்டாம் என்ற வீட்டில் எரிவதைக் கண்டு சைக்கிளை நிறுத்த மறந்தார். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். காசியம்மாள் கதவுக்குப் பின்னாலிருந்து ஒன்றுவிடாமல் சொன்னாள், கூரை வீட்டுப் பொறி, சந்து, புதுசு கெட்டுவிடும் என்ற கவலை எல்லாம். "சூடு வெளிய போயிடும்னு நான் சொன்னது தப்புங்க. எறும்பு வரும்னு சொன்னது தப்பில்லைங்க, நேத்து ஒரு வரிசையே வந்துச்சு" என்றும் சேர்த்துக்கொண்டாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கூரை வீட்டுக்குக் குழாயைத் தள்ளி நிறுத்தி மேலே மூடி போடலாம் என்றார். அடுத்தமுறை வந்தபோது தலைக்கு எண்ணெய் வைக்காமல் வந்தார், அதை ஊர் கவனித்தது.

புழு பழுத்தது. பொன்னிறமாக, கண்ணாடிமாதிரி ஆன புழுக்களைப் பொறுக்கி, கூடு கட்டுவதற்கான மூங்கில் தட்டிகளான சந்திரிகைகளில் விட்டார்கள். இரண்டு குளிர்காலம் வெறுமனே கிடந்த சந்திரிகைகளில் மஞ்சள் கூடுகள் நெருக்கமாகத் தொங்கின. மாதையன் ஒரு கூட்டைக் காதருகே வைத்து ஆட்டிப்பார்த்தான். இரண்டு நாள் தோட்டத்துக்குப் போய்ச் செடிகளுக்கு எருப் போட்டுவிட்டு வந்தான். எருப் போட்டவன் தோண்டமாட்டான் என்று நினைத்துக்கொள்ளலாம். ஆனால் மேஸ்திரிக்குக் கொடுத்த வாக்கு அப்படியேதான் இருந்தது, அவள் கேட்கவும் இல்லை, அவன் சொல்லவும் இல்லை.

பொங்கல் கழித்து ராஜாமணி வந்தார். வாசலில் கட்டில் போட்டு உட்காரவைத்தார்கள். வேப்பிலையை அவிழ்த்தாகிவிட்டது, காசியம்மாள் கிணற்றடியில் தட்டுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவர் குரல் கேட்டதும் அவள் கை நின்றது. மாட்டேன் என்ற வார்த்தை தொண்டைவரை வந்து தயாராக இருந்தது.

"என்ன மாதையா, மூட்டை கட்டியாச்சா? சாயங்கால பஸ்ஸுக்குக் கெளம்பணும்."

மாதையன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். கிணற்றுப் பக்கம் திரும்பினான்.

"காசி, நீ என்ன சொல்ற? போலாமா, இருக்கலாமா?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு கேள்வி அவன் வாயிலிருந்து வந்ததில்லை. தொண்டைவரை வந்திருந்த வார்த்தை எங்கே போனதென்று தெரியவில்லை. காசியம்மாள் தட்டைக் கீழே வைத்தாள். கண் நிறைந்துபோய்ப் புருஷன் முகம் சரியாகத் தெரியவில்லை.

"இருங்க" என்றாள். "யோசிச்சுச் சொல்றேன்."

மேஸ்திரிக்கு டீ வைத்துக் கொடுத்தாள். மிச்சத் தட்டுகளைத் தேய்த்து வெயிலில் சாய்த்தாள். ஈரக்கையோடு தோட்டத்துக்குப் போய் வரப்பில் ஒரு சுற்று நடந்தாள். பதில் அவளுக்குத் தெரியாமல் இல்லை, ஊருக்கே தெரியும். தன்னை ஒருவர் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார் என்கிற அந்தச் சந்தோஷத்தை உடனே செலவழித்துவிட அவளுக்கு மனசு வரவில்லை. சாயங்கால பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. ராஜாமணி முனகியபடி எழுந்து ரோட்டுப் பக்கம் நடந்தார். மாதையன் கட்டிலில் அப்படியே உட்கார்ந்து, தோட்டத்துப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.